யாழ்ப்பாணத்தில் இணையம் எட்டாத ஒழுங்கை: பிரதேச சபையிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து ஊரில் வீடு திருத்திக் குடியிருப்பவர்கள், கொழும்பு வேலையை இங்கிருந்தே செய்யலாம் என்று வந்தவர்கள், தீவுப்பகுதிப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணியில் மறுபடி வீடு கட்டியவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, பைபர் தர முடியாது என்கிறார்கள், இனி யாரிடம் போவது? கம்பனிக்குப் போன் எடுத்தால் "உங்கள் பகுதியில் இப்போதைக்கு வசதி இல்லை" என்பதோடு கதை முடிந்துவிடும், பெரும்பாலானவர்கள் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். விடத் தேவையில்லை. உங்கள் உள்ளூராட்சி சபையின் கையில் நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலான விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் சரியான கோரிக்கையைச் சரியான மேசைக்குக் கொண்டுபோனால்தான் அலுவல் நடக்கும்.

சபையால் முடிந்ததும் முடியாததும்

பிரதேச சபையோ நகர சபையோ மாநகர சபையோ உங்களுக்கு இணைப்புத் தராது. கோபுரம் கட்டு என்று ஒரு கம்பனிக்கு உத்தரவிடவும் அதற்கு அதிகாரம் இல்லை. கம்பனிகளுக்கு உரிமம் கொடுப்பதும் அலைவரிசை ஒதுக்குவதும் சேவைத் தரம் பற்றிய முறைப்பாட்டை விசாரிப்பதும் கொழும்பிலுள்ள இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் வேலை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது இயங்குகிறது. ஆகவே சபைக்குப் போய் "எங்களுக்கு இன்டர்நெட் தாருங்கள்" என்று கேட்டால், "அது எங்கள் வேலை இல்லை" என்ற பதில்தான் வரும், அந்தப் பதிலில் பிழையும் இல்லை.

ஆனால் அந்த இணைப்பு உங்கள் வீட்டுக்கு வருகிற வழியில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். ஒழுங்கையில் கம்பம் நட வேண்டும். வீதியின் குறுக்கே வெட்டி குழாய் பதிக்க வேண்டும். வயரில் சாய்ந்து கிடக்கும் பூவரசங்கிளையை வெட்ட வேண்டும். கோபுரம் என்றால் கட்டட அனுமதி வேண்டும், அது நிற்க ஒரு துண்டுக் காணி வேண்டும். இதில் பெரும்பகுதி சபையின் அனுமதியோடு அல்லது சபையின் சொத்தோடு சம்பந்தப்பட்டது. கம்பனி "வசதி இல்லை" என்று சொல்வதற்குப் பின்னால் பல தடவை இப்படி ஒரு சின்ன முடிச்சுத்தான் இருக்கும். அதை அவிழ்க்கச் சொல்லித்தான் நாம் சபைக்குப் போகிறோம்.

முதல் வேலை: அளந்து எழுதுங்கள்

"சிக்னல் இல்லை" என்பது முறைப்பாடு ஆகாது. எங்கே, எந்த நேரம், எந்தக் கம்பனி, எவ்வளவு என்று எழுத்தில் இருந்தால்தான் கம்பனிக்காரரும் சபை உத்தியோகத்தரும் கவனிப்பார்கள்.

அன்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்பதைத் திறந்தால் சிக்னல் பலம் டிபிஎம் (dBm) என்ற அலகில் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால் அதே விபரம் வரும். எண் எப்போதும் கழித்தல் குறியோடுதான் இருக்கும், பூச்சியத்துக்குக் கிட்ட வரவர நல்லது. 4ஜியில் கழித்தல் 80 அல்லது 85 என்றால் நல்ல சிக்னல். 100ஐத் தாண்டினால் இழுபறி. 110ஐத் தாண்டினால் கதைக்கும்போதே அறுந்து போகும். வீட்டுக்குள் ஒன்று, முற்றத்தில் ஒன்று, தண்ணீர்த் தாங்கிக்கு ஏறும் உயரத்தில் ஒன்று, ஒழுங்கை முகப்பில் ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள். காலையும் பார்க்க வேண்டும், இரவு எட்டு ஒன்பது மணிக்கும் பார்க்க வேண்டும். வேகத்தை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு ஸ்கிரீன்ஷொட்டும் எடுத்து வையுங்கள். 2024 ஜூனில் எயார்டெல் லங்கா டயலொக்கோடு இணைந்த பிறகு நாட்டில் இருப்பவை மூன்று மொபைல் கம்பனிகள்தான்: டயலொக், எஸ்எல்டி மொபிட்டல், ஹட்ச். அயலவர்களிடம் மூன்று சிம்மும் இருக்கும். அவர்களுடைய போனிலும் பார்த்து எழுதுங்கள். இதிலேயே சில வீடுகளின் பிரச்சினை தீர்ந்துவிடும், ஏனென்றால் ஒரு கம்பனி எடுக்காத இடத்தில் இன்னொன்று நன்றாக எடுக்கும்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள பகுதியில் அளந்தால் அந்தக் கணக்குக்குப் பெறுமதி இல்லை. அவ்வளவு சனம் ஒரே கோபுரத்தில் தொங்கும்போது எந்த வலையமைப்பும் திணறும்.

அளந்த பிறகு ஒரு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். சிக்னல் பலம் நன்றாக இருக்கிறது, பகலில் வேகமும் சரி, இரவில் மட்டும் படுத்துவிடுகிறது என்றால் அது நெரிசல். அந்தக் கோபுரத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள், கம்பனிதான் கொள்ளளவைக் கூட்ட வேண்டும், சபைக்குப் போய்ப் பயனில்லை. எந்த நேரமும் எண் 105, 110 என்று நின்றால் அது எட்டாக் குறை. பைபர் தர முடியாது என்றால் அது கம்பம், வீதி அல்லது கம்பத்திலுள்ள இணைப்புப் பெட்டிப் பிரச்சினை. பின்னால் சொன்ன இரண்டும்தான் சபையின் உதவியோடு நகர்த்தக் கூடியவை.

வீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தகரக் கூரையும் கொங்கிறீட் தட்டும் சிக்னலை நன்றாகவே மறிக்கும். வீட்டு 4ஜி ரவுட்டர்கள் பலவும் 2300 மெகாஹேர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசையில் ஓடுகின்றன, அது 900 மெகாஹேர்ட்ஸ் மாதிரி சுவரைத் துளைத்து உள்ளே வராது. யாழ்ப்பாணம் மலையே இல்லாத தட்டையான நிலம் என்பதால் உயரம் கொஞ்சம் கூடினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ரவுட்டரை கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னலுக்கு மாற்றுவதோ, வெளியே பொருத்தும் அன்டெனா வாங்குவதோ போதுமானதாக இருக்கலாம். கடற்கரையோரம் என்றால் அன்டெனாவின் இணைப்புகளை உப்புக்காற்று அரிக்காமல் நன்றாகச் சுற்றி மூடுங்கள்.

இரண்டாவது: கம்பனியிடமிருந்து காரணத்தை எடுங்கள்

சபைக்குப் போவதற்கு முன்னர் கம்பனிக்கு முறைப்பாடு கொடுத்திருக்க வேண்டும். எஸ்எல்டிக்கு 1212, மொபிட்டலுக்கு 1717, டயலொக்குக்கு 1777, ஹட்சுக்கு 1788. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். "வசதி இல்லை" என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். கடைசிக் கம்பத்திலிருந்து தூரம் கூடவா, கம்பத்திலுள்ள பெட்டியில் இடம் முடிந்துவிட்டதா, ஒழுங்கைக்குள் கம்பம் நட யாராவது மறுத்தார்களா, வீதி வெட்ட அனுமதி கிடைக்கவில்லையா? தொலைபேசியில் இருக்கும் பிள்ளைக்கு இது தெரியாது. அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. யாழ்ப்பாணத்திலுள்ள கிளைக்கு நேரே போய், களத்துக்கு வந்து போகும் தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு கதைக்கக் கேளுங்கள். அந்த ஒரு கதையில் கிடைக்கும் காரணம்தான் பிறகு நீங்கள் சபைக்கு எழுதும் கடிதத்தின் உயிர்.

மூன்றாவது: எந்தக் கந்தோர், யாருடைய வீதி

புதிதாக வருபவர்கள் அதிகம் அலையும் இடம் இதுதான். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றல்ல. செயலகம் மத்திய அரசாங்கத்தின் கிளை, பிரதேச செயலாளர் ஒரு நிர்வாக அதிகாரி, விதானையார் என்று ஊரில் சொல்லும் கிராம அலுவலர் அவருக்குக் கீழே வேலை செய்பவர். சபை என்பது நீங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் உறுப்பினர்கள் இருக்கும் இடம், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி நடப்பது. பெயர்களும் குழப்பும். தெல்லிப்பழைச் செயலகப் பகுதிக்கு வலிகாமம் வடக்குப் பிரதேச சபை, உடுவிலுக்கு வலிகாமம் தெற்கு, சங்கானைக்கு வலிகாமம் மேற்கு, சண்டிலிப்பாய்க்கு வலிகாமம் தென்மேற்கு, கோப்பாய்க்கு வலிகாமம் கிழக்கு. கரவெட்டிப் பக்கம் வடமராட்சி தென்மேற்கு, மருதங்கேணிப் பக்கம் பருத்தித்துறைப் பிரதேச சபை. மாவட்டத்தில் மொத்தம் 17 சபைகள்: யாழ்ப்பாண மாநகர சபை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆகிய மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள். பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் நகர சபையும் உண்டு, அதே பெயரில் பிரதேச சபையும் உண்டு, ஆகவே கவனம். உங்கள் வீடு எதற்குள் என்று சந்தேகம் இருந்தால் ஆதனவரி ரசீதைப் பாருங்கள், அல்லது விதானையாரைக் கேளுங்கள், வட்டாரத்தையும் சேர்த்துச் சொல்வார்.

அடுத்தது வீதி. கண்டி வீதி, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி போன்ற பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அடுத்த தர வீதிகள் பல மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. ஊருக்குள் இருக்கும் சிறு வீதிகளும் ஒழுங்கைகளும்தான் சபையுடையவை. பைபர் வயர் பெருவீதியைக் கடந்து உங்கள் ஒழுங்கைக்குள் வர வேண்டுமென்றால் இரண்டு இடத்து அனுமதி தேவைப்படலாம், ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் அலுவல் மாதக்கணக்கில் கிடக்கும்.

எல்லாவற்றையும் விடச் சிக்கல் தனியார் ஒழுங்கை. இங்கே பல ஒழுங்கைகள் சபையின் பட்டியலிலேயே இல்லை. பரம்பரைக் காணியைப் பிரிக்கும்போது உறுதியில் வழிவாய்க்கால் பாத்தியதை என்று எழுதி விட்ட பாதைகள் அவை. அதில் கம்பம் நட அந்தப் பாதைக்கு உரித்தான எல்லோரும் சம்மதிக்க வேண்டும், அவர்களில் இரண்டு பேர் கனடாவில், ஒருவர் பிரான்ஸில் இருப்பார். சபை அங்கே காசு செலவழிக்கவும் முடியாது. உங்கள் ஒழுங்கை இப்படிப்பட்டதென்றால் இரண்டு வழி இருக்கிறது. உரித்தாளர்கள் எழுத்தில் சம்மதக் கடிதம் தந்து கம்பம் நடவிடலாம், வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கான் செய்து அனுப்பச் சொன்னால் கம்பனி அதை ஏற்குமா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். அல்லது எல்லோரும் சேர்ந்து ஒழுங்கையைச் சபைக்குக் கையளிக்கலாம். இரண்டாவது நீண்ட வேலைதான், ஆனாலும் அது முடிந்தால் தெருவிளக்கு, கொங்கிறீட் பாதை, வடிகால் எல்லாவற்றுக்கும் வழி திறக்கும் என்பதால் நான் அதையே சொல்வேன்.

நான்காவது: சேர்ந்து கேளுங்கள்

தனி ஒரு வீட்டுக்காகக் கம்பனி கம்பங்களை வரிசையாக நடாது. ஆனால் அந்த ஒழுங்கையில் எத்தனை வீடு இணைப்பு எடுக்கத் தயார் என்ற பட்டியல் கையில் இருந்தால் கதை மாறும். ஒரு தாளில் பெயர், வீட்டு இலக்கம், இப்போது பாவிக்கும் சேவை, இணைப்பு வந்தால் எடுப்பீர்களா, கையெழுத்து என்று கோடு போட்டு வீடு வீடாகப் போங்கள். புதிதாக வந்தவர் என்று கூச்சப்பட வேண்டாம். அயலைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல சாட்டுக் கிடைக்காது. பாடசாலைப் பிள்ளைகள் எத்தனை பேர், வீட்டிலிருந்து வேலை செய்பவர் எத்தனை பேர், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் சனசமூக நிலையம் இருந்தால் அதன் தலைவரையோ செயலாளரையோ சேர்த்துக்கொள்ளுங்கள். சனசமூக நிலையங்கள் சபையில் பதிவானவை, அவற்றின் கடிதத்தைச் சபை தனி ஆளின் கடிதத்தைவிடக் கூடுதலாகக் கணக்கெடுக்கும்.

ஐந்தாவது: கடிதம்

கடிதம் தமிழிலேயே எழுதலாம், சபைக்கு மட்டுமல்ல, கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்கும் தமிழில் எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. பிரதேச சபைக்கும் நகர சபைக்கும் தவிசாளர் பெயரில் எழுதி, செயலாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். மாநகர சபை என்றால் முதல்வருக்கும் ஆணையாளருக்கும். ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

"எமது ........ ஒழுங்கையில் ........ குடும்பங்கள் வசிக்கின்றன. இவ்விடத்தில் மொபைல் சிக்னல் மிகக் குறைவாக உள்ளது (அளவீடுகள் இணைப்பு 1). பைபர் இணைப்புக்கு விண்ணப்பித்தபோது, ஒழுங்கைக்குள் கம்பங்கள் இல்லாததால் தர முடியாது என நிறுவனம் தெரிவித்துள்ளது (முறைப்பாட்டு இலக்கம் ........). இணைப்புப் பெறத் தயாராக உள்ள குடும்பங்களின் பட்டியல் இணைப்பு 2 ஆக உள்ளது. எனவே, (1) மேற்படி ஒழுங்கை சபைக்குரியதா என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துமாறும், (2) நிறுவனம் விண்ணப்பிக்கும்போது கம்பம் நடுவதற்கான அனுமதியைத் தாமதமின்றி வழங்குமாறும், (3) வயர் செல்லும் பாதையில் வீதிக்குச் சாய்ந்துள்ள மரக்கிளைகளை அகற்றுவதற்கு நடவடிக்கை எடுக்குமாறும், (4) இது குறித்து நிறுவனத்துக்குச் சபையின் பரிந்துரைக் கடிதம் ஒன்றை அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

இந்த நான்கும் சபையால் செய்யக்கூடியவை. செய்ய முடியாததைக் கேட்காதீர்கள், அதைக் காரணம் காட்டி முழுக் கடிதத்தையும் ஓரமாக வைத்துவிடுவார்கள். கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். பிரதான அலுவலகம் தூரம் என்றால் உப அலுவலகத்திலும் கொடுக்கலாம். மரம் என்று வரும்போது பனை இருந்தால் மட்டும் அவதானம், அதை வெட்ட வேறாக அனுமதி எடுக்க வேண்டும், ஓலை கழிப்பது வேறு கதை.

கொடுத்த பிறகு வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள். 2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை மக்கள் பிரதிநிதி என்று யாரும் சபைகளில் இல்லை, செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் நடத்தினார்கள். இப்போது மாதாந்தக் கூட்டம் நடக்கிறது, அதில் உறுப்பினர் ஒரு பிரேரணை கொண்டுவந்து நிறைவேற்றினால் அது சபையின் தீர்மானமாகக் கம்பனிக்கும் ஆணைக்குழுவுக்கும் போகும். கட்டாயப்படுத்தும் பலம் அதற்கு இல்லை. ஆனால் எங்கே தேவை இருக்கிறது என்று பதிவில் ஏறும். அதே விஷயத்தைப் பிரதேச செயலகத்தில் நடக்கும் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலும் எடுக்கச் சொல்லுங்கள். வீதி அதிகார சபையும் மின்சாரத் துறையினரும் ஒரே மேசையில் இருப்பது அங்கேதான், இரண்டு திணைக்களத்துக்கு இடையில் மாட்டிய அனுமதி அங்கே ஒரு கேள்வியோடு நகரக் கூடும்.

நூலகத்துக்கோ சனசமூக நிலையத்துக்கோ பொது வைபை கேட்பதென்றால் அது பணச் செலவு, பாதீட்டில் வர வேண்டும். அடுத்த ஆண்டுப் பாதீடு டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும் என்பதால் செப்டெம்பர், ஒக்டோபரிலேயே கோரிக்கை கையில் இருக்க வேண்டும். ஜனவரியில் போய்க் கேட்டால் ஒரு வருடம் போய்விடும்.

கோபுரம் என்று வந்தால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு தொடங்கிய முயற்சிகள் அதிகம் உடைவது இங்கேதான்.

2019இல் யாழ் நகரில் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நடத் தொடங்கியபோது அது 5ஜி கோபுரம், உடலுக்குக் கேடு என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. சனத்தின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், தங்கள் வீட்டு வாசலில் என்ன நடப்படுகிறது என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது, முன்கூட்டியே விளக்கம் கிடைக்காத இடத்தில் சந்தேகம் வராமல் இருக்காது. ஆனால் உண்மை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். கோபுரத்திலிருந்து வருவது ரேடியோ அலை, எக்ஸ்ரே மாதிரி அணுக்களை உடைக்கும் கதிர் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் இதை "புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்" என்ற 2பி பிரிவில் போட்டது. உறுதியான ஆதாரம் இல்லை, முழுதாக விலக்கவும் முடியவில்லை என்பதே அந்தப் பிரிவின் பொருள். பாதுகாப்பு எல்லை என்று ஒன்று சர்வதேச அளவில் இருக்கிறது, 900 மெகாஹேர்ட்ஸில் சதுர மீற்றருக்கு 4.5 வாட், 1800இல் 9 வாட். இதைவிட முக்கியமாகப் பலர் யோசிக்காதது ஒன்று: கோபுரம் தூரத்தில் இருந்தால் உங்கள் காதோடு ஒட்டிய போன்தான் சக்தியைக் கூட்டி வேலை செய்யும். அதனால்தான் சிக்னல் குறைந்த வீட்டில் பற்றரி விரைவில் இறங்குகிறது. கோபுரத்தைத் தள்ளி வைத்தால் அலை குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் தங்கள் போனை மறந்துவிடுகிறார்கள்.

நடைமுறை இப்படி. கோபுரம் கட்ட ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், சபையின் கட்டட அனுமதி வேண்டும், நகர அபிவிருத்தி அதிகார சபை எல்லைக்குள் என்றால் அதன் அனுமதியும் சேரும். பலாலி விமான நிலையத்துக்குக் கிட்ட என்றால் உயரத்துக்காகச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையும் பார்க்கும், பாதுகாப்பு அமைச்சின் சம்மதமும் தேவைப்படும். ஒன்று தாமதமானால் எல்லாம் தாமதம். வலிகாமம் வடக்கில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு பொறுமையோடு இருங்கள்.

உங்கள் ஊரில் கோபுரம் வருவதாகக் கதை வந்தால், ஆதரிப்பவரானாலும் பயப்படுபவரானாலும் சபையிடம் கேட்க வேண்டியவை ஒரே கேள்விகள்தான்: ஆணைக்குழுவின் அனுமதி இருக்கிறதா, கட்டமைப்புப் பற்றிய பொறியியலாளர் அறிக்கை இருக்கிறதா, புயலில் சாய்ந்தால் விழும் எல்லைக்குள் வீடு இருக்கிறதா, ஜெனரேட்டர் எங்கே வைக்கப் போகிறார்கள், காப்புறுதி யார் பொறுப்பு. ஜெனரேட்டர் சத்தமும் புகையும் பக்கத்து வீட்டாருக்கு அன்றாடத் தொல்லை, அலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இதை விட்டுவிடுகிறார்கள். வேலை தொடங்குவதற்கு முன்னர் அயலவரை அழைத்து ஒரு விளக்கக் கூட்டம் வைக்கும்படி சபையைக் கேளுங்கள், கோபுரம் இயங்கிய பின் அலை அளவை அளந்து தரும்படி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

கோபுரம் வேண்டும் என்று நினைப்பவர்கள் அதை எழுத்தில் சொல்ல வேண்டும். சபைக்கு ஆட்சேபனைக் கடிதங்கள்தான் வந்து சேர்கின்றன. வேண்டும் என்பவர்கள் வீட்டில் பேசாமல் இருக்கிறார்கள். ஏழு பேர் எதிர்க்கிறார்கள், எண்பது பேருக்குத் தேவை என்றாலும் கோப்பில் இருப்பது ஏழு கடிதம்தானே. அனுமதி மறுக்கப்பட்டதும் கம்பனி அடுத்த ஊருக்குப் போய்விடும், திரும்பி வர ஆண்டுகள் ஆகும். தனியார் காணியில் எதிர்ப்பு வலுத்தால், சபைக்குச் சொந்தமான இடம் ஏதாவது வீடுகளை விட்டுத் தள்ளி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பொது மைதானத்து மூலை, பழைய சந்தைக் காணி போன்றவற்றைக் குத்தகைக்குக் கொடுத்தால் சபைக்கு வருமானமும் வரும்.

தீவுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நெடுந்தீவுக்கோ அனலைதீவுக்கோ ஒரு பற்றரி மாற்றுவதென்றாலும் படகில் கொண்டுபோக வேண்டும், கடல் குழம்பினால் அன்று ஆள் வராது. அங்கே கோபுரம் இருப்பது மட்டும் போதாது, மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுதான் கேள்வி. அவசரத்துக்கு ஒரு நோயாளியைக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கொண்டுவரப் படகை அழைப்பதே போனில்தான். கடிதத்தில் இதைத் தனியாக, அழுத்தமாக எழுதுங்கள். இணைய வேகத்தைவிட இதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும்.

பதில் வராவிட்டால்

மூன்று நான்கு கிழமையில் பதில் இல்லை என்றால் திகதி முத்திரை உள்ள பிரதியோடு செயலாளரைச் சந்தியுங்கள். அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். "என் கோரிக்கை என்ன ஆனது" என்று பொதுவாகக் கேட்காமல், "இந்த ஒழுங்கை சபையின் வீதிப் பட்டியலில் உள்ளதா, கம்பம் நடவோ வீதி வெட்டவோ தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து வந்த விண்ணப்பங்கள் எவை, ஒவ்வொன்றின் முடிவும் திகதியும் என்ன" என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பல தடவை இந்த விண்ணப்பத்துக்குப் பதில் எழுத உட்காரும்போதுதான் கோப்பே அலுமாரியிலிருந்து வெளியே வரும்.

சபை தன் பங்கைச் செய்தும் கம்பனி அசையவில்லை என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900 இலக்கத்தில் அழைத்து முறையிடலாம், எழுத்திலும் அனுப்பலாம். கம்பனியின் முறைப்பாட்டு இலக்கம், அளவீடுகள், குடும்பப் பட்டியல், சபையின் கடிதம் நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். சபை அலுவலர்கள் மீதே குறை என்றால் உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் போகலாம்.

அதுவரைக்கும் என்ன செய்வது

வைபை அழைப்பு, வோல்ட்டி (4ஜி வழியாகப் போகும் குரல் அழைப்பு) இரண்டும் உங்கள் போனில் இருந்தால் திறந்துவிடுங்கள், குரல் அழைப்பாவது தெளிவாகும். வேலை அவசரம் என்றால் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையம் 2025 ஜூலையிலிருந்து இலங்கையில் கிடைக்கிறது. விலை கூட, வானம் மறைக்காத இடமும் வேண்டும், பனந்தோப்புக்கு நடுவில் என்றால் உயரமான கம்பத்தில் ஏற்ற வேண்டி வரும். இரண்டு மூன்று வீட்டார் வேறு வேறு நேரத்தில் வந்து இருந்து வேலை செய்ய சனசமூக நிலையத்தின் ஒரு அறையில் நல்ல 4ஜி ரவுட்டர் ஒன்றைப் பூட்டிப் பாவிப்பதும் நடக்கக் கூடியதே, செலவு பிரிந்துபோகும்.

லண்டனிலிருந்தோ இணையக் கடையிலிருந்தோ சிக்னல் பூஸ்டர் மட்டும் வாங்கி வராதீர்கள். உரிமம் இல்லாமல் அப்படிப்பட்ட ரேடியோச் சாதனம் பாவிப்பது இங்கே சட்டப்படி குற்றம். அதோடு அது கோபுரத்துக்கு இரைச்சலை அனுப்பி அயல் முழுவதற்கும் சிக்னலைக் கெடுக்கும், கையெழுத்து வாங்கப் போன அதே வீடுகளுக்கு.